கவுன்டர் அக்கா படகில் ஏறிய நாள்

படகுத்துறையில் அவளுக்கு டிக்கெட் கவுன்டரில் வேலை. பலகை அடித்த சின்ன அறை. முன்புறம் ஒரு கண்ணாடி, அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஒரு திறப்பு. கல்யாணமாகி வந்த மறுவருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அவள் கவுன்டர் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்கா, போலீஸ்காரருக்கும் அக்கா. காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் அந்த ஆற்றை அவள் பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். அதுவும் வரிசையில் நிற்பவர்களின் தோள்களுக்கு நடுவே தெரிந்த அளவுக்கு. ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஓட்டல்காரன் பொண்டாட்டி ஓட்டல்லயா போய் சாப்பிடுவா?" என்பாள். உண்மையில் அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

அவள் கணவர் அங்கே கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகுகளுக்கு வழிகாட்டி. வந்து போகிறவர்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்குத் தபால் கொண்டு வருகிறவர்கூட அதையே பெயராக்கிவிட்டார். ஒவ்வொரு குழுவும் கிளம்பும் முன் கேப்டன் கவுன்டர் அறையின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு எப்படி உட்காருவது, எப்படித் துடுப்புப் போடுவது, விழுந்தால் என்ன செய்வது என்று சொல்வார். துறையில் அதற்குப் 'பாடம்' என்று பெயர். பலகைச் சுவர் வழியாக அந்தப் பாடம் ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழும். எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும் என்று இரண்டு விநாடி காத்திருப்பார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே உதட்டுக்குள் கூடவே சொல்வாள். அவளைக் கிண்டல் பண்ணும் இடம் ஒன்றும் அதில் உண்டு. அது வரும்போது மட்டும் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவாள். வந்தவர்கள் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

வீட்டில் அவர் அவ்வளவு பேசுகிறவர் இல்லை. "இருக்கறதை எல்லாம் ஆத்துலயே பேசித் தீத்துட்டு வந்துடறாரு, வீட்டுக்கு மிச்சம் மீதி ஒண்ணும் வர்றதில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

போன வருடம் பனி உருகத் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை, பாதி முகம் சவரம் செய்து, பாதி முகத்தில் நுரையோடு கேப்டன் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். ஏதோ சொன்னார். சொல் எதுவும் சொல்லாக இல்லை. "காலங்காத்தால விளையாடாதீங்க" என்றாள். அவர் கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். நுரை நிலையில் ஒரு கோடாக இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கு அப்புறம்தான் அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பக்கவாதத்தில் போன கையும் காலும் திரும்பி வந்துவிட்டன. சில மாதங்களில் நடந்தார், சட்டைப் பித்தான் போட்டார், விறகுகூடப் பிளந்தார். வலது கை கொஞ்சம் சோம்பல்படும், அவ்வளவுதான். கேட்பதிலும் புரிந்துகொள்வதிலும் குறை கிடையாது. டிவியில் யாராவது ஜோக் அடித்தால் சரியான இடத்தில் சிரித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. சொல்ல வந்தது உள்ளே எங்கேயோ இருப்பது முகத்தில் தெரியும். வாய் திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் "அது..." என்று ஒன்று வரும். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் அதுதான். உப்பு அது. தலையணை அது. ஜன்னலைச் சாத்து என்பதும் அது. அவளும் அது.

ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறையில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். அவளை அக்கா பேச்சு டீச்சர் என்பாள். மேஜையில் பூனை, கரண்டி, குடை என்று படம் போட்ட அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு டீச்சர் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். கேப்டன் ஒவ்வொன்றுக்கும் "அது" என்பார். ஒருநாள் டீச்சர் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, "ஒண்ணு..." என்று ஆரம்பித்துக் கையைக் காட்டினாள். கேப்டன் சட்டென்று "ரெண்டு, மூணு, நாலு" என்று பத்துவரை போய்விட்டார்.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "சொல்றாரு! பாருங்க, சொல்றாரு!"

"உக்காருங்க அக்கா. ரொம்ப ஆசைப்பட்டுடாதீங்க" என்றாள் டீச்சர். "இது உருப்போட்டது. ஆயிரம் தடவை சொன்னது எங்கயோ ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டா உதிரும். ஆனா அதை வெச்சுக்கிட்டு ஒரு வாய் தண்ணி கேக்க முடியாது. நான் தேடறது வேற. அவரா நெனச்சு, அவரா ஒரு சொல் சொல்லணும்."

"சொல்லுவாரா?"

டீச்சர் அட்டைகளை அடுக்கினாள். "குளிர்காலம் முடியற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரே ஒரு சொல் அப்படி வந்தாக்கூட, மேற்கொண்டு பயிற்சி குடுக்கலாம்னு எழுதி அனுப்புவேன். வரலைன்னா..." வராந்தாவில் காத்திருந்தவர்கள் பக்கம் அவள் பார்வை போய் வந்தது. "வரலைன்னா இனிமே வராதுன்னுதான் வெச்சுக்கணும் அக்கா. உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது."

ஒரே ஒரு சொல். உருப்போட்டது வேறு, பேச்சு வேறு என்று டீச்சர் சொன்னதை அவள் கேட்கத்தான் செய்தாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. வாழ்நாளில் இவர் எங்கே அதிகம் பேசினாரோ அங்கே கூட்டிக்கொண்டு போனால் வராமலா போகும்? அடைத்துக்கொண்ட குழாயில் முதலில் கறுப்புத் தண்ணீர்தான் வரும், பின்னாலேயே நல்ல தண்ணீர் வராதா? பக்கத்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நெடுக ஓடி வந்த ஆற்றைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் படகுத்துறை மூடியிருக்கும். கேப்டனின் தம்பிதான் இப்போது துறையைப் பார்த்துக்கொள்கிறவர். கொட்டகைக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்து வைத்த கயாக் ஒன்றின் அடிவயிற்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"தம்பி, எனக்கு ரெண்டு பேர் படகு ஒண்ணு வேணும்."

"எதுக்கு அண்ணி, துணி ஊற வைக்கவா?"

"அண்ணனை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

தேய்ப்பது நின்றது. "யாரு கூட்டிட்டுப் போறது? நீங்களா? வாளித் தண்ணியில கால் வைக்கவே நாலு தடவை யோசிக்கற ஆளு."

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன். அவர் பின்னாடி ஓட்டட்டும்."

"அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், அதுல சந்தேகம் இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க? அலங்காரத்துக்கா?"

"ஏன், துடுப்புப் போட மாட்டேனா? இத்தனை வருஷமா பாடம் கேட்டவ நான். உன்னைவிட நல்லா சொல்லுவேன்."

"சொல்லுவீங்க. சொல்றதுக்கென்ன." அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "அண்ணி, வேடிக்கை இல்ல இது. ரெண்டு பேர் படகுல முன்னாடி இருக்கறவங்க கை, பின்னாடி இருக்கறவங்க வாய். அது ரெண்டும் சேந்தாத்தான் படகு. முன்னாடி இருக்கறவங்க திரும்பக்கூடக் கூடாது, திரும்புனா ஆட்டம் கண்டுடும். இடது, வலது, நிறுத்து, எல்லாம் குரல்தான். அண்ணனுக்கு அந்த வாயே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதுக்குத்தான்டா கேக்கறேன்" என்றாள் அக்கா.

அவள் அவரை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. தம்பி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு நிபந்தனைகள் போட்டார். பாலத்தடியில் ஏறி, மரமறுக்கும் ஆலைக்கரையில் இறங்கிவிட வேண்டும். அந்தப் பகுதியில் ஆறு ஓடுவதே தெரியாது, அவ்வளவு சாது. ரப்பர் உடுப்பு கட்டாயம். விசில் இரண்டு பேருக்கும். அவர் காட்டுப் பாதையில் வேனை ஓட்டிக்கொண்டு ஆலைக்கரைக்குப் போய் நிற்பார். "பேசினாரோ பேசலையோ, எறங்குனதும் நேரா வீடு. சரியா?"

"பேசுவாரு" என்றாள்.

அந்தக் காலை வெயில் இல்லை, காற்றும் இல்லை. ஆற்றின் மேல் மூடுபனி முழங்கால் உயரத்துக்குத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கரையோரத்துத் தண்ணீர் மட்டும் மெல்லிய கண்ணாடியாக உறைந்து, மிதித்தால் பொடிப்பொடியாக நொறுங்கியது. ரப்பர் உடுப்புக்குள் அக்காவை நுழைப்பதற்குள் தம்பிக்குக் குளிரிலும் வியர்த்துவிட்டது.

"உரிச்ச தோலை மறுபடி மாட்டிக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

"நீர்நாய் மாதிரியே இருக்கீங்க அண்ணி. மீனைக் கண்டா விட்டுடாதீங்க."

கேப்டன் சிரித்தார். ஆற்றைக் கண்டதிலிருந்தே அவர் வேறு ஆளாகத்தான் இருந்தார். வீட்டில் எதைத் தொட்டாலும் ஒரு தயக்கம் இருக்கும், இங்கே அது இல்லை. குனிந்து ஒரு கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். படகின் மூக்கைத் திருப்பி வைத்தார். அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து, போதாமல் இன்னொரு இழுப்பு இழுத்தார். காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்து, "அது... அது..." என்று திணறி, கடைசியில் அவள் கணுக்காலைப் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டார். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் அவர் ஏறியது தெரியவே இல்லை. படகு ஒரு மூச்சு மட்டும் தாழ்ந்தது.

ஆறு உண்மையிலேயே சாதுதான். இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த மரங்கள், கிளைகளின் மேல்பக்கத்தில் மட்டும் பனி. அவளுடைய துடுப்பு அவ்வப்போது தண்ணீரைத் தட்டிச் சத்தம் போட்டது. அவருடையது சத்தமே போடவில்லை. கரையில் ஏதோ ஒரு பறவை இரண்டு தடவை கூவிவிட்டு, பதில் வராததால் விட்டுவிட்டது. அவள் இருக்கையின் பக்கவாட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே காதை மட்டும் பின்னால் வைத்திருந்தாள். மூச்சுத்தான் கேட்டது. தானாகப் பேசிவிடுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். பாலம் மறைந்தது, முதல் வளைவும் கடந்தது. ஒன்றும் வரவில்லை. 

டீச்சர் "ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"லைஃப் ஜாக்கெட்டை..."

பின்னால் துடுப்பு ஒரு கணம் நின்றது.

"...இறுக்கிக் கட்டுங்க" என்றது குரல். "மூச்சு முட்டுதுன்னா சரியா கட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். முட்டலைன்னா நீங்க இன்னும் கட்டவே இல்ல."

அந்தக் குரல். திக்கல் இல்லை, திணறல் இல்லை. பலகைச் சுவர் மட்டும்தான் இல்லை. சிரிப்புக்காக அதே இரண்டு விநாடி காத்திருந்துவிட்டுக் குரல் மேலே போனது. "துடுப்பை ஆசையா புடிங்க, அடிக்கப் போற மாதிரி புடிக்காதீங்க. புருஷன் பொண்டாட்டி ஒரே படகுல வந்திருந்தா ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீங்க, அதை வீட்டுல போய் பண்ணிக்கலாம்."

அவள் கன்னத்தில் ஓடியது சூடாக இருந்தது. துடைக்கக் கை வரவில்லை. "ஏங்க" என்றாள். "ஏங்க, குளிருதா உங்களுக்கு?"

"கவுந்துட்டா பயப்படாதீங்க. ஜாக்கெட் உங்களை விட்டுடாது. படகு போனா போகட்டும், வேற படகு இருக்கு, வேற நீங்க இல்ல."

"கை வலிக்குதா? வலது கை?"

"மரத்துல மோதுற மாதிரி இருந்தா மரத்தைத் தள்ளாதீங்க, கட்டிப் புடிச்சுக்கோங்க. தள்ளுனா மரம் ஜெயிச்சுடும்."

கேட்டதற்கும் வந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தாள். கறுப்புத் தண்ணீர், பின்னாலேயே நல்ல தண்ணீர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறு இரண்டாவது வளைவில் திரும்பத் தொடங்கியது. தண்ணீர் இலேசாக வேகம் பிடித்தது.

"முன்னாடி இருக்கறவங்க திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் கேப்டன். "பின்னாடி நான்தான் இருக்கேன். எங்கயும் ஓடிட மாட்டேன்."

அவள் திரும்பிவிட்டாள்.

எந்தப் படகுக்காரன் மனைவியும் செய்யக்கூடாத காரியம். ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லப்பட்டதை ஒவ்வொரு தடவையும் கேட்டவள் செய்த காரியம். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடம் சுவர்தான் பார்த்தது. இடுப்பை முறுக்கி, முழுசாகத் திரும்பினாள். படகு ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

கேப்டன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, ஆற்றைப் பார்த்தார். முந்தின வாரத்துப் பனியின் பாரம் தாங்காமல் கரையிலிருந்து ஒரு பெரிய மரம் சாய்ந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் ஆற்றைப் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. அவர் கண்கள் விரிந்தன. வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இந்த ஆத்துல முதலை கிடையாது!" என்று கத்தினார்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளைக் கிண்டல் பண்ணும் இடம்தான் அது.

"இருந்த ஒண்ணும் டிக்கெட் கவுன்டர்ல உக்காந்திருக்கு! அதைத் தாண்டி வந்துட்டீங்கல்ல, இனிமே என்ன பயம்!" தலையை வேகமாக ஆட்டினார். துடுப்பைப் பின்னோக்கிப் போட்டுக்கொண்டே மறுபடியும், இன்னும் உரக்க, "முதலை கிடையாது! முதலை கிடையாது!" என்றார். இவ்வளவு உயிரைக் கொடுத்து அவர் அந்த ஜோக்கைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சுவர் இல்லாததால் படகின் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டினாள்.

மரம் முதலில் அவள் முதுகில் பட்டது.

திரும்பியபோது கிளைகள் முகத்துக்கு நேராக இருந்தன. படகு பக்கவாட்டில் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. கட்டிப்பிடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் இரண்டு கையாலும் மரத்தைத் தள்ளினாள். அவ்வளவுதான்.

குளிர் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அந்தத் தண்ணீருக்கும் எந்த உறவும் கிடையாது. அவளுக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. மேலே வந்தாள், கண்ணில் வெளிச்சம் பட்டது, மறுபடி உள்ளே போனாள். அப்புறம் பிடரியில் ஒரு கை விழுந்தது. ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைக் கொத்தாகப் பிடித்த கை. அது அவளைக் கிளைகளுக்கு அடியில் போகவிடாமல், மரத்தைச் சுற்றி, தண்ணீர் போன போக்கிலேயே சாய்வாக இழுத்துக்கொண்டு போய், கல்லும் சேறுமாக இருந்த கரையில் போட்டது. சோம்பல்படும் அதே வலது கை. அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலையில் அதற்கு எதுவும் மறந்திருக்கவில்லை.

அவள் இருமி முடிக்கும்வரை கேப்டன் அவள் முதுகைத் தட்டினார். பிறகு எதிரே வந்து மண்டியிட்டு, அவள் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார், அதைவிட அதிகமாகக் கோபத்தில் இருந்தார். அவளை ஓர் உலுக்கு உலுக்கினார். திட்டப்போகிறார் என்று தெரிந்தது. திட்டட்டும் என்று அவள் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். கண்ணில்லையா உனக்கு, திரும்பாதேன்னு சொன்னேனே, செத்துப் போயிருப்பியே... எதுவாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு சொல்.

"பத்திரமா கால் வெச்சு எறங்குங்க!" என்று அலறினார் கேப்டன். "சாமான் எதையும் படகுல விட்டுட்டுப் போகாதீங்க! வந்ததுக்கு ரொம்ப நன்றி! அடுத்த தடவை... அடுத்த தடவை குடும்பத்தோட வாங்க!"

குரல் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. அதை அவரும் கேட்டார்.

அவள் தோளில் இருந்த கைகள் தளர்ந்தன. ஒரு கையை எடுத்துத் தன் வாயின் மேல் வைத்தார். உள்ளே இருந்து எதுவோ வெளியே வந்துவிடாமல் பிடிப்பவர் போல அழுத்தி வைத்துக்கொண்டார். அவள் அந்தக் கையை எடுக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. விசிலை அவள்தான் ஊத வேண்டியிருந்தது.

தம்பி புதரையும் முள்ளையும் மிதித்துக்கொண்டு கம்பளிகளோடு ஓடி வந்தார். வேன் கதவைத் திறந்து போட்டுவிட்டு நின்றபோது காட்டுக்குள் கேட்ட குரல் அவரைப் பித்துப்பிடித்தவர் போல ஆக்கியிருந்தது. "அண்ணி! அண்ணன் பேசினாரு! அங்க வரைக்கும் கேட்டுது! பேசிட்டாரு அண்ணி!" என்று, நனைந்து கிடந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "நன்றின்னு சொன்னாரே, அடேயப்பா, எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா?"

"அது பேச்சு இல்ல தம்பி" என்றாள் அக்கா. பல் கிட்டிக்கொண்டு சொல் சொல்லாக விழுந்தது. "அது பாடம்."

வேனில் ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்தும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. கேப்டன் பின் இருக்கையில், வாயிலிருந்து கையை எடுக்காமலேயே உட்கார்ந்து வந்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, அவள் மட்டும் டீச்சரின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மரத்தைப் பாத்ததும் அவர் என்ன சொல்ல வந்தாரு?"

"மரம்னு."

"வந்தது?"

"முதலைன்னு."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர்தான் முதலில் நிறுத்தினாள். "அவருக்குத் தெரிஞ்சுதா, வந்தது வேறன்னு?"

"தெரிஞ்சுது."

"அதான் அக்கா கஷ்டம்" என்றாள் டீச்சர். "தெரியாம இருந்தா எவ்வளவோ தேவலை." உள்ளே கூப்பிட்டு, கேப்டன் முன்னால் பூனை அட்டையை வைத்தாள். அவர் பார்த்தார். குடையை வைத்தாள். அதையும் பார்த்தார். "ஒண்ணு..." என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'அது' என்றுகூடச் சொல்லவில்லை. குளிர்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் டீச்சர் அட்டைகளைச் சேர்த்து ரப்பர் பாண்டு போட்டாள்.

இப்போது மறுபடியும் துறை திறந்திருக்கிறது. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் டிக்கெட் கிழிக்கிறாள். கேப்டன் கொட்டகையில் தம்பிக்கு ஒத்தாசையாகப் படகு தேய்க்கிறார், வார் தைக்கிறார், கைவேலை எல்லாம் சுத்தம். வருகிறவர்கள் கேப்டன் என்று கூப்பிட்டால் தலையை ஆட்டுவார். கண்ணில் ஒரு மரியாதையான சிரிப்பு இருக்கும், அதற்கு மேல் கிடையாது. தம்பி முதலில் கொஞ்ச நாள் சீண்டிப் பார்த்தார், பாடத்தின் முதல் வரியைப் பாதி சொல்லி விட்டுப் பார்த்தார். கேப்டன் எழுந்து வெளியே போய்விட்டதும் அதையும் விட்டுவிட்டார்.

வீட்டில் அவள் ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும்படியாகவே கேள்விகளை அமைக்கப் பழகிக்கொண்டாள். சட்டை இதுவா? இன்னும் கொஞ்சமா? ஜன்னலா? வேலை நடந்துவிடுகிறது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு எவ்வளவு சொல் வேண்டியிருக்கும் என்று அவளே ஆச்சரியப்படுகிறாள்.

போன வாரம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வெகுநாள் கழித்து வாய் திறந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. அவளைக் காட்டி, தன்னைக் காட்டி, பிறகு எங்கேயோ கையைக் காட்டினார். சாப்பாடு பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு எதைப் பற்றி என்று தெரியவில்லை. கை காட்டிய பக்கம் சுவர் இருந்தது, அலமாரி இருந்தது, சுவருக்கு அப்பால் தெரு இருந்தது. அவர் உதடு ஏதோ ஓர் எழுத்துக்காகக் குவிந்து, விரிந்து, மறுபடி குவிந்தது. இன்னும் ஒரு விநாடி விட்டால் பாடத்தின் வரி ஏதாவது வந்து விழுந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது.

"புரிஞ்சுது" என்றாள் அவசரமாக. "புரிஞ்சுதுங்க. நீங்க சாப்பிடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, சரி என்று தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.